94 டிகிரியும் ஒரு ரொட்டிச் சட்டியும்

ரொட்டி சுட மூடிபோட்ட மண்சட்டி ஒன்று. வேலை இவ்வளவுதான். கடையில் வார்ப்பிரும்புப் பாத்திரம் கிடைக்கும், காசைக் கொடுத்தால் மறுநாளே வீட்டுக்கு வந்துவிடும். ஆனால் கோத்தகிரியில் வீட்டுப் பின்கட்டில் சக்கரமும் மின்சூளையும் வைத்துக்கொண்டு, நாள் முழுக்கக் கோப்பையும் தட்டும் வனைகிறவள் போய் இரும்புச் சட்டி வாங்குவதா என்று ஒரு வீம்பு. அந்த வீம்பின் விலை பதினான்கு மாதம், மூன்று சட்டி, சூளைக்கு ஒரு ஜோடி புதுக் காயில் (சூடேற்றும் கம்பிச் சுருள்), ஒரு எருமை. என் கணக்கு நோட்டிலிருந்து எடுத்து எழுதுகிறேன். இடையிடையே கதையும் வரும்.

முதல் சட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காப்பி மக்குகளுக்கு வைத்திருந்த ஸ்டோன்வேர் மண்ணிலேயே வனைந்தேன். உள்ளும் புறமும் பால் வெள்ளை கிளேஸ், அதாவது கண்ணாடிப் பூச்சு, போட்டு 1220 டிகிரி வரை சுட்டேன். பார்க்க அவ்வளவு அழகு. சூடேறிய ஓவனுக்குள் வைத்து, அதில் குளிர்ந்த ஈர மாவை இறக்கினேன். முதல் ரொட்டி வந்தது. இரண்டாவது ரொட்டியின்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம். திறந்து பார்த்தால் விளிம்பிலிருந்து அடிவரை ஒரே கோடு.

தப்பு என்னுடையது. மண்ணைக் குறை சொல்ல முடியாது. ஸ்டோன்வேர் அந்தச் சூட்டில் பாதி கண்ணாடியாக இறுகிவிடும். தண்ணீர் கசியாது, தட்டினால் மணி மாதிரி ஒலிக்கும், காப்பி குடிக்க அருமை. திடீர்ச் சூடோ திடீர்க் குளிரோ பட்டால் ஒரு பக்கம் விரியும், இன்னொரு பக்கம் விரியாமல் நிற்கும், நடுவில் பிளந்துகொள்ளும். நம் ஊர்க் குழம்புச்சட்டி தீ நாக்கு நேராகப் பட்டும் பிளப்பதில்லையே, ஏன்? குறைந்த சூட்டில் சுட்டது. மண்ணோடு மணல் கலந்தது. உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளை. உள்ளே விரிசல் ஒன்று கிளம்பினாலும் நாலு அடி எடுத்து வைப்பதற்குள் ஒரு மணலிலோ துளையிலோ முட்டி நின்றுவிடும். நம் பாட்டிகளின் சட்டியில் இருந்த பாடம்தான். அதைப் படிக்க எனக்கு ஒரு ஸ்டோன்வேர் சட்டி செலவானது.

இரண்டாவது சட்டிக்கு மண்ணை மாற்றினேன். எடைக்கு ஏழு பங்கு செம்மண் களி, இரண்டு பங்கு சுட்ட மண் பொடி, ஒரு பங்கு நைசான ஆற்று மணல். சுட்ட மண் பொடிக்குப் பழைய பூந்தொட்டிகளை உடைத்தேன். அத்தையின் இரும்பு உரலில் போட்டுத் தண்ணீர் தெளித்துத் தெளித்து இடித்தேன். உலர இடித்தால் பறக்கிற தூசி நுரையீரலுக்கு ஆகாது. முகமூடி போட்டுக்கொண்டு, ரவைச் சல்லடையில் சலித்து, ரவை அளவில் விழுந்ததை மட்டும் எடுத்துக்கொண்டேன். “மிளகு இடிக்கிற உரலை இப்படிப் பண்ணிட்டியே” என்று அத்தை இரண்டு நாள் பேசவில்லை. உரலை மூன்று முறை கழுவிக் கொடுத்த பிறகும் அந்த வார ரசத்தில் ஏதோ நறநறத்தது என்பது அவர் கட்சி.

இந்த மண்ணைச் சக்கரத்தில் வைத்தால் உள்ளங்கை தேயும். பத்து நிமிடத்தில் சுண்டுவிரல் பக்கம் சிவந்துவிடுகிறது. ஆனால் சுவர் நிற்கும். ஸ்டோன்வேர் மண் மாதிரிச் சொகுசாகச் சரியாது. பிசைவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மண்ணும் மாவும் பிசைகிறவள் என்று தெரிந்ததும் பலர் “ரெண்டும் ஒரே வேலைதானே” என்கிறார்கள். கை அசைவு ஒன்று போலத்தான் இருக்கும், நோக்கம் தலைகீழ். மண்ணைப் பிசைவது உள்ளிருக்கும் காற்றை விரட்ட. மாவைப் பிசைவது உள்ளே பிறக்கப்போகும் காற்றுக்கு வீடு கட்ட.

என் சின்ன ஓவனுக்குள் 22 சென்டிமீட்டருக்கு மேல் அகலமான சட்டி நுழையாது. இந்தக் கலவை காய்ந்து சுட்டபின் எட்டு சதவீதம் சுருங்குகிறது. பத்து சென்டிமீட்டர் பட்டை ஒன்று வெட்டி, கோடு கிழித்து, சுட்டு அளந்து பார்த்த கணக்கு இது. ஆக, ஈரத்தில் 24 சென்டிமீட்டர் அகலம் வைத்தேன். சட்டிக்கும் மூடிக்கும் ஒரே நாளில், ஒரே உருண்டையிலிருந்து மண் எடுக்க வேண்டும். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று மூடியை விட்டால் சுருக்கம் கொஞ்சம் மாறிப்போய் ஆடும், இல்லையென்றால் நுழையவே நுழையாது.

எருமை ஏறியது

மூடிக்குப் பிடி வேண்டும் அல்லவா. சாதாரணக் குமிழ் போதும். எனக்குப் போதவில்லை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் நீலகிரி மலையின் பழைய ஈமக்கல் வட்டங்களில் கிடைத்த மண்பாண்டங்கள் இருக்கின்றன. அடுக்கடுக்காக உயர்ந்த பானைகள், அவற்றின் மூடிமேல் எருமை, மனிதர், வேறு பல உருவங்கள். கல்லூரியில் படித்த காலத்தில் பார்த்தது. என்னை அங்கிருந்து நகரவிடாமல் செய்தது ஒரு எருமை. இந்த மலைக்குப் புதிதாக எதையும் நான் கொண்டுவரவில்லை. கோத்தகிரி என்ற பெயரே இந்த மலையின் பழங்குடிகளான கோத்தர்களிடமிருந்து வந்தது. அவர்களில் மண்பாண்டம் செய்கிறவர்கள் பெண்கள்தான். நான் வந்து சேர்ந்தவள். அதனாலேயே ஒரு எருமையாவது இந்த ஊர் எருமையாக இருக்கட்டும் என்று தோன்றியது.

தோடர் எருமையின் கொம்பு பக்கவாட்டில் அகல விரிந்து பிறைபோல மேலே வளையும். மண்ணில் அதைச் செய்வதென்றால் நுனி நூல்போல மெலியும். மெலிந்த இடம் சீக்கிரம் காயும், சீக்கிரம் காய்ந்தது உடையும். கொம்பு நுனிகளை ஈரத்துணியில் சுற்றி, உடம்பைத் திறந்துவிட்டுக் காயவைத்தேன். உடம்பு? கட்டி மண். உள்ளே குடையவில்லை. நாலு சென்டிமீட்டர் தடிமன். இது தப்பு என்று எனக்கே தெரியும். ‘ரொம்பச் சின்ன எருமைதானே’ என்று விட்டுவிட்டேன்.

அக்டோபர் மாதம். தென்மேற்குப் பருவமழையில் கூடலூர்ப் பக்கம் நனைந்தால் நாங்கள் ஓரளவு தப்பிப்போம். கிழக்குச் சரிவில் இருக்கிற கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் மழை. காலையில் ஜன்னலைத் திறந்தால் மேகம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். வாட்டர்கலரில் வானம் தீட்டிவிட்டு மதியச் சாப்பாடு முடித்து வந்தாலும் தாள் ஈரமாகவே இருக்கும். துணி காயாது, உப்பு ஓடும், மண் காயாது.

காய்ந்ததா இல்லையா என்று கன்னத்தில் வைத்துப் பார்ப்பது வழக்கம். குளிர்ந்தால் ஈரம் மிச்சம். ஆனால் இந்த மாதத்தில் இங்கே எல்லாமே குளிர்ச்சிதான், கன்னம் உட்பட. அதனால் சமையலறைத் தராசில் தினமும் மூடியை நிறுத்து எழுதினேன். முதல் வாரம் நாளுக்கு நாற்பது ஐம்பது கிராம் குறைந்தது. அப்புறம் பத்து, அப்புறம் நாலு. பதினெட்டாம் நாள் 1,312 கிராம். பத்தொன்பதாம் நாள் 1,319. ஏழு கிராம் கூடியிருந்தது! தராசு கெட்டுவிட்டது என்று நினைத்து ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டை வைத்துப் பார்த்தேன், சரியாகத்தான் காட்டியது. முந்தைய இரவு பனிமூட்டம் இறங்கியிருந்தது. காய்ந்த மண் காற்றிலிருந்து ஈரத்தைத் திரும்பக் குடித்திருக்கிறது. இந்த ஊரில் வெளியே வைத்தால் மண் ஓரளவுக்கு மேல் காயாது என்பதைத் தராசு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மிச்ச ஈரத்தைச் சூளைதான் எடுக்க வேண்டும்.

அதற்கு வழி எல்லாப் புத்தகத்திலும் உண்டு. தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்குக் கொஞ்சம் கீழே சூளையை நிறுத்தி, மணிக்கணக்கில் வைத்திருந்து, ஈரம் ஆவியாகி வெளியேறியபின் சூடேற்ற வேண்டும். கொதிநிலை 100. நான் 98-ல் இரண்டு மணி நேரம் வைத்தேன். பிறகு மணிக்கு நூறு டிகிரி வீதம் ஏற்றினேன். மீட்டர் 140 காட்டியபோது பின்கட்டில் தேங்காய் விழுந்த மாதிரி ஒரு சத்தம்.

குளிர்ந்தபின் திறந்தேன். மூடி மூன்று துண்டு. எருமை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. ஒரு கொம்பு தட்டின்மேல். முகம் சட்டிக்குள். மிச்சம் மாவு. சட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதிலேயே தப்பு எருமையில்தான் என்று தெரிந்தது.

அன்று இரவு ரொட்டிக்காக வாங்கிய தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு டீக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். வேறு எதையோ யோசித்துக்கொண்டு அதைத் தண்ணீரில் விட்டேன். குமிழ் தளதளவென்று வருகிறது, மீட்டர் 94-ல் நிற்கிறது. ஐந்து நிமிடம் பார்த்தேன். 94.

பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், கொதிநிலை குறையும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. நாங்கள் இருப்பது ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம், ஆக ஆறு டிகிரி குறைவு. பருப்பு வேக நேரமாகிறது என்று குக்கரில் இன்னும் இரண்டு விசில் கூட்டுகிற எனக்கு, அதே கணக்கு சூளைக்கும் உண்டு என்று உறைக்கவில்லை. 98-ல் நிறுத்தியபோது நான் கொதிநிலைக்குக் கீழே இல்லை, மேலே நின்றிருக்கிறேன். எல்லாப் பழியையும் அந்த நாலு டிகிரிமேல் போட மாட்டேன். முக்கியக் குற்றவாளி கட்டி மண் எருமைதான். நாலு சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து ஈரம் வெளியே நடந்துவர இரண்டு மணி நேரம் போதாது. மிஞ்சிய ஈரம் 140-ல் ஆவியாகி வழி தேடியது, வழியில்லை, வெடித்தது.

இதே 94 ரொட்டியிலும் என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தது. சமவெளிக்காரர் எழுதிய குறிப்புகளில், ரொட்டியின் நடுவில் தெர்மாமீட்டர் குத்தினால் 98 காட்ட வேண்டும், அப்போதுதான் வெந்தது என்று இருக்கும். என் ரொட்டி 93 வரை வரும், அங்கேயே நிற்கும். நான் காத்திருப்பேன். பத்து நிமிடம், இருபது நிமிடம். மேல்தோல் கறுத்து, உள்ளே காய்ந்து ரஸ்க் ஆகும்வரை காத்திருப்பேன். ஈர மாவின் நடுப்பகுதி இந்த ஊர்க் கொதிநிலையைத் தாண்டாது, ஆகையால் 98 வரப்போவதே இல்லை. இப்போது 92 கண்டதும் எடுத்துவிடுகிறேன்.

காயில்

மூடி உடைந்ததோடு கதை முடிந்திருக்கலாம். சூளையைத் தூசி தட்டும்போது நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை. எருமையின் ஒரு துண்டு, சுண்டைக்காய் அளவு, சுவர்ச் செங்கல்லின் காடிப் பள்ளத்துக்குள் காயில் சுருளுக்கிடையே போய் உட்கார்ந்திருக்கிறது. டிசம்பரில் மக்குகள் அடுக்கி 1220-க்குச் சுட்டேன். செம்மண் களி அந்தச் சூட்டைத் தாங்காது. உருகிக் கசடாகி, காயில்மேல் ஒட்டி, அந்த இடத்தைத் தின்றுவிட்டது. 1,120-ல் மீட்டர் ஏறாமல் நின்றது. பிறகு இறங்க ஆரம்பித்தது.

மறுநாள் மெயினை நிறுத்தி, டெஸ்டர் வைத்து உறுதிசெய்துகொண்டு, பக்கத் தகட்டைக் கழற்றினேன். என் சூளை உள்ளளவு 14 அங்குலம், நாலுபுறமும் அதே. மேலிருந்து திறப்பது. இரண்டு காயில், தொடர் இணைப்பு. 230 வோல்ட்டில் 3,600 வாட் எடுக்க வேண்டும் என்றால் மொத்தத் தடை 14.7 ஓம் இருக்க வேண்டும், ஒவ்வொரு காயிலும் 7.35. மல்டிமீட்டரை வைத்தால் கீழ்க் காயில் பேசவே இல்லை. அறுந்தது அதுதான். மேல் காயில் 8.3 ஓம் காட்டியது.

இந்த 8.3-தான் எனக்குப் புதுப் பாடம். காயில் பழசாகப் பழசாகத் தடை கூடும். பத்து சதவீதம் கூடினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டும் ஒரே நாளில் போட்டவை, ஆக அறுந்ததும் 8.3-ஐ ஒட்டித்தான் இருந்திருக்கும். மொத்தம் 16.6. இங்கே மாலையில் வோல்டேஜ் 200-க்கு இறங்குவது சகஜம். வோல்டேஜின் வர்க்கத்தைத் தடையால் வகுத்தால் வாட் வரும். 3,600 வாட் சூளை என்று நான் நம்பிக்கொண்டிருந்தது, மாலை நேரத்தில் 2,400 வாட்தான். ஆறு மாதமாகச் சூளை மந்தமாக இருக்கிறது என்று மண்ணைச் சந்தேகப்பட்டேன், கிளேஸைச் சந்தேகப்பட்டேன், குளிரைச் சந்தேகப்பட்டேன். ஒரு மல்டிமீட்டர் எடுத்து இரண்டு நிமிடம் வைத்துப் பார்க்கவில்லை.

கோயம்புத்தூரில் காயில் சுற்றிக் கொடுக்கும் ஒரு பட்டறைக்குக் கணக்கு எழுதி அனுப்பினேன். காந்தல் ஏ1 என்ற உலோகக் கலவைக் கம்பி, 2 மில்லிமீட்டர் தடிமன். அந்தக் கம்பி மீட்டருக்கு 0.46 ஓம். 7.35 வேண்டுமென்றால் காயிலுக்குச் சுமார் 16 மீட்டர் கம்பி. பத்து மில்லிமீட்டர் கம்பிமேல் நெருக்கமாகச் சுற்றினால் 84 சென்டிமீட்டர் நீளச் சுருள் வரும். மெல்லிய கம்பியில் அதே ஓம் கொடுக்கலாம், விலையும் குறையும். ஆனால் அதே வேலையைக் குறைந்த பரப்பளவு செய்ய வேண்டியிருப்பதால் சீக்கிரம் போய்விடும். பட்டறைக்காரர் 1.6 போதும் என்றார். நான் பிடிவாதமாக 2 என்றேன்.

மாட்டுவதற்குப் பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் தம்பி வந்தான். மிக்ஸி, கீஸர், தேயிலைத் தொழிற்சாலை மோட்டார் எல்லாம் பார்க்கிறவன். சூளையை முதல் தடவை பார்த்தான். “அக்கா, இது பெரிய சைஸ் இஸ்திரிப்பெட்டிதானே?” என்றான். ஒரு விதத்தில் ஆமாம்.

பழைய காயிலை எடுப்பதுதான் கஷ்டம். புதுக் கம்பி வளையும். ஒரு தரம் நல்ல சூடு கண்டுவிட்ட கம்பி ஆறியபின் அப்பளம். வளைக்கவே கூடாது, தொட்டாலே பொடுக்கென்று முறியும். எதையாவது நெளிக்க வேண்டுமென்றால் சிவக்கச் சூடாக்கி, மின்சாரத்தைத் துண்டித்து, சூட்டோடு சூடாக இடுக்கியால் நெளிக்க வேண்டும். நாங்கள் துண்டு துண்டாக உடைத்தே எடுத்தோம். காடியில் கசடு உருகி ஒட்டிய இடத்தைப் பழைய ஹாக்ஸா பிளேடால் சுரண்டினேன். வெள்ளைத் தீச்செங்கல் பிரெட் மாதிரி மெத்தென்று இருக்கும், அழுத்திச் சுரண்டினால் குழியே விழுந்துவிடும். கறுப்பு ஒரு துளிகூட மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் புதுக் காயிலையும் அது தின்னும். குழியைச் சூளைச் சிமெண்ட் தடவி அடைத்துக் காயவிட்டோம்.

புதுச் சுருளை 84 சென்டிமீட்டரிலிருந்து 284-க்கு இழுக்க வேண்டும். நாலு சுவர், இரண்டு சுற்று. தம்பி ஒரு முனை, நான் ஒரு முனை. வராந்தாவில் சாக்பீஸ் கோடு போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தோம். ஒரே இழுப்பில் இழுத்தால் நடுவில் நெருக்கம், ஓரத்தில் அகலம் என்று வரும். நெருக்கமான இடம் அதிகம் சூடாகி முதலில் போகும். இழுத்து வைத்து மீட்டர் வைத்தோம், 7.4, 7.3. சுருளைக் காடிக்குள் உட்காரவைக்க ஒன்றரை மணி நேரம். ஒரு மூலையில் வெளியே எம்பியதை ஊக்கு மாதிரி வளைத்த அதே கம்பித் துண்டால் செங்கல்லில் குத்தி நிறுத்தினோம். இரும்பு ஆணி போடக் கூடாது.

முதல் ஓட்டம் காலிச் சூளை. 1,050 வரை ஏற்றி இரண்டு மணி நேரம் வைத்தேன். காயில்மேல் அலுமினா படலம் ஒன்று வளர வேண்டும், அதுதான் அதன் தோல். தோல் வளர்வதற்குள் கிளேஸ் ஆவி பட்டால் ஆயுசு குறையும். அன்றைய சூளை ஏறிய வேகத்தைப் பார்த்துப் புதிதாகச் சைக்கிள் வாங்கிக் கொடுத்த பிள்ளை மாதிரி ஆகிவிட்டேன். ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்காரரை எழுப்பி மீட்டரைக் காட்டினேன். “நல்லா இருக்கு, தூங்கலாமா?” என்றார்.

மூன்றாவது சட்டி

இந்த முறை எருமையின் வயிற்றைக் குடைந்தேன். இரண்டு பாதியாகச் செய்து, பாதி காய்ந்த தோல் பதத்தில் உள்ளே ஸ்பூனால் வழித்து, சுவர் ஆறு மில்லிமீட்டர் ஆனதும் கீறிக் குழைமண் தடவி ஒட்டினேன். வயிற்றுக்கு அடியில் குண்டூசியால் ஒரு துளை. மூடியின் உட்பக்கம் திறக்கும் துளை அது. ஆவி போக வழி.

தீட்டுவதற்கு என்ன என்று நாலு நாள் யோசித்தேன். இங்கே கடைக்கு மக்கு கொடுத்தால் குறிஞ்சிப் பூ போட்டுக் கொடு என்பார்கள். 2018-ல் பூத்தது, பன்னிரண்டு வருஷக் கணக்கில் அடுத்து 2030. நடுவில் பூக்காத குறையை எங்கள் மக்குகள் தீர்க்கின்றன. விற்பனைக்குச் சரி, எனக்குச் சலித்துவிட்டது. வாசலில் நிற்கும் கற்பூர மரத்தின் (யூக்கலிப்டஸ்தான்) பட்டை உரியும் விதத்தை எடுத்துக்கொண்டேன். நீள நீளமாகக் கிழிந்து, கீழே வெளிர் பச்சை, சாம்பல், துருச் சிவப்பு. மூடி பாதி ஈரமாக இருக்கும்போது வெள்ளைக் குழைமண் ஒரு பூச்சு. அதன்மேல் இரும்பு ஆக்சைடு கரைசலில் அகலத் தூரிகையால் மேலிருந்து கீழாக இழுத்தேன். சில இடத்தில் மரக்குச்சியால் கீறிச் செம்மண்ணை வெளியே காட்டினேன். கோபால்ட் கொஞ்சம், நிழலுக்கு. கோபால்ட் சுடுமுன் கரிக்கறுப்பு, சுட்டால்தான் நீலம். ஆகவே தீட்டும்போது கண்ணை நம்பக் கூடாது. தண்ணீர் மிக அதிகமாகத் தொட்டு, நாலு பக்கமும் தூரிகையைத் துடைத்து, போதாது என்று தோன்றும் அளவில் நிறுத்த வேண்டும். நான் எப்போதும் ஒரு இழுப்பு கூடப் போட்டுவிடுவேன். இந்தத் தடவையும் போட்டேன். எருமையின் இடப்பக்கம் இருக்கும் கருநீலப் பட்டை அதுதான்.

சாப்பாடு படும் உட்புறத்தில் எதுவும் பூசவில்லை.

நோட்டில் உள்ளபடி: இரவு எட்டு மணிக்கு 85 டிகிரியில் நிறுத்தி, சூளை மூடியை ஒரு விரல் திறந்துவைத்துவிட்டுப் படுத்தேன். காலை ஐந்தரைக்குத் திறப்பின்மேல் கண்ணாடியைக் காட்டினேன். ஆவி படியவில்லை. மணிக்கு 60 வீதம் 250 வரை. பிறகு 100 வீதம் 600 வரை. 573-ல் குவார்ட்ஸ் சட்டென்று உருவம் மாறி விரியும், இறங்கும்போது அதே இடத்தில் சுருங்கும், அந்தப் பக்கம் அவசரம் கூடாது. 640-ல் கரண்ட் போனது. ஐம்பது நிமிடம். சூளை 590-க்கு இறங்கித் திரும்ப ஏறியது. எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன், வேறென்ன செய்ய. மாலை நாலு மணிக்கு 1,000. மீட்டரை மட்டும் நம்பாமல், குறித்த சூடு வந்ததும் குனிந்து காட்டும் சின்னக் கூம்பு, 06 எண் கோன் ஒன்றையும் உள்ளே வைத்திருந்தேன், அழகாகக் குனிந்திருந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று, 06 வேறு, 6 வேறு. நடுவில் இருநூறு டிகிரிக்கு மேல் வித்தியாசம். பெட்டியை அவசரத்தில் மாற்றி எடுத்து இந்தக் களியை 6-க்குச் சுட்டால், திறக்கும்போது சட்டி இருக்காது, ஒரு கறுப்புக் குட்டை இருக்கும்.

60 டிகிரிக்கு இறங்கும்வரை திறக்கவில்லை. திறந்தால் எருமை நின்றது. வலக் கொம்பு மட்டும் பாதியில் இல்லை. மழுங்கிய முனை. துண்டு சட்டியின் அடியில் கிடந்தது. வெடிப்பு இல்லை, காயும்போதே விழுந்திருந்த மயிரிழை விரிசல். ஒட்டவில்லை.

மூடி ஒரு மில்லிமீட்டர் ஆடியது. விளிம்பில் தண்ணீரும் நைஸ் மணலும் வைத்துச் சட்டிமேல் மூடியைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன், அரை மணி நேரத்தில் ஆட்டம் நின்றது. அப்புறம் பழக்குவது. ஒரு பகல் தண்ணீரில் ஊறவைத்தேன். மூன்று நாள் சோற்றுக் கஞ்சி ஊற்றி அடுப்பில் சிறுதீயில் கொதிக்கவிட்டேன். கஞ்சி துளைகளுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். கடைசியாக நல்லெண்ணெய் தடவி வெறும் ஓவனில் ஒரு சூடு. எந்த மண்சட்டிக்கும் நம் வீடுகளில் செய்வதுதான்.

ரொட்டிக்கு: 300 கிராம் மைதா, 100 கோதுமை மாவு, 280 தண்ணீர், 8 உப்பு, 80 கிராம் புளித்த மாவு. குளிர்காலத்தில் என் சமையலறை 16, 17 டிகிரி. பொங்க இரவு முழுக்க ஆகும். சூளை ஆறும் நாளில் அதன் மேல்மூடிமேல் மடித்த கம்பளம் போட்டு மாவுப் பாத்திரத்தை வைத்தால் நாலு மணி நேரம். ஒரு தரம் மறந்து தூங்கிவிட்டேன். மாவு கம்பளம்வரை நடந்துபோயிருந்தது. இன்னொன்று, இரண்டு மடங்கு பொங்கட்டும் என்று குறிப்புகளில் இருக்கும். இங்கே காற்றழுத்தம் குறைவு, அதே வாயு கூடுதலாக விரியும். இரண்டு மடங்கு வரை விட்டால் ஓவனில் எழாமல் தட்டையாகிவிடும். ஒன்றரை மடங்கில் எடுத்துவிடுகிறேன்.

சூடான சட்டியில் குளிர்ந்த மாவு என்ற விளையாட்டே வேண்டாம் என்று குளிர்ந்த சட்டியில் மாவை வைத்து, குளிர்ந்த ஓவனில் வைத்து, பிறகு 240-க்குத் திருகினேன். மூடியோடு 55 நிமிடம், மூடி இல்லாமல் 15. மூடியைத் தூக்கியபோது ஆவி முகத்தில் அடித்தது. அடியில் பொன்னிறம் அல்ல, அதற்கும் ஒரு படி மேல், ஊட்டி வர்க்கியின் விளிம்பு நிறம். தெர்மாமீட்டர் 93. தட்டினால் வெற்றுப் பெட்டி மாதிரி சத்தம். அறுக்க ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும், நான் இருபது நிமிடம் பொறுத்தேன். வீட்டுக்காரர் ஒரு துண்டைத் தின்றுவிட்டு, “வர்க்கிக்குப் புவிசார் குறியீடே கிடைச்சாச்சு, அதை வாங்கியிருந்தா இந்தப் பதினாலு மாசமும் சாப்பிட்டிருக்கலாம்” என்றார். இரண்டாவது துண்டும் எடுத்துக்கொண்டார்.

இதுவரை பதினோரு ரொட்டி. சட்டியில் விரிசல் இல்லை. போன வாரம் மேட்டுப்பாளையம் போய்விட்டு மாலை வந்தேன். அடுப்பின்மேல் என் ரொட்டிச் சட்டி. உள்ளே கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. அத்தை எருமையின் உடைந்த கொம்பைப் பிடித்து மூடியைத் தூக்கிக் கிளறிக்கொண்டிருந்தார். “குழம்புக்கு நல்ல சட்டிம்மா இது, அடியே பிடிக்கலை” என்றார். கிளேஸ் இல்லாத மண் எதைக் கொடுத்தாலும் குடித்துக்கொள்ளும். நான்கு தரம் வெந்நீர் ஊற்றிக் கொதிக்கவிட்டேன். நேற்றைய ரொட்டியில் இன்னும் லேசாகப் புளியும் பெருங்காயமும் மணந்தது. அத்தை அதில் வெண்ணெய் தடவிச் சாப்பிட்டார். உப்பு ஒரு கல் குறைவாம்.